ஹா என்னும் சுரம்

சின்சினாட்டி, மார்ச் 1871

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நானும் ஒட்டீலியும் குழந்தைகளும் நலம்.

போன வாரம் இசைக்குழு ஒத்திகையில் ஒரு வேடிக்கை. நடத்துநர் “பி” என்றதும் நான் நம் ஜெர்மன் முறைப்படி “பே” சுரத்தைக் கிளாரினெட்டில் ஊதினேன். சுரம் அரைப்படி இறங்கிவிட்டது. நாம் “ஹா” என்ற எழுத்தால் குறிக்கும் சுரத்தைத்தான் இவர்கள் “பி” என்கிறார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

“ஹாவெல்லாம் இந்த நாட்டுல கிடையாதுய்யா, மறந்துடு” என்றார் நடத்துநர்.

“அப்ப என் பேரு எந்த எழுத்துல ஆரம்பிக்குதாம்?” என்று திருப்பிக் கேட்டேன்.

மேடையில் அவர் சொல்வதை ஊதுவேன். வீட்டில் மகள் லிஸ்பெத்துக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அது ஹாதான்.

கிளாரினெட்டுக்கு நல்ல சீவாளி நாலைந்து அனுப்புங்கள். ஒட்டீலியைத் தவிர இங்கே யாரும் என் பெயரை முழுசாகச் சொல்வதில்லை. உறைமேல் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். தபால்காரர் தெருவே கேட்கக் கூப்பிடட்டும்.

அவசரத்தில்,
ஹார்ட்விக்