சடுகுடுப் பேச்சும் நம் சண்டையும்

மச்சான்,

இன்று வில்லியனூர்ச் சந்தைக்குப் போனேன். காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை தெருமுனையிலேயே முகத்தில் அடித்தது. நம்மைத் தோற்கடித்த கடையின் வாசனை. நீ இருந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்திருப்பாய்.

சந்தை நாளில் பொழுது சாய்ந்தால், மாடு அவிழ்த்த வண்டிமேல் நாம் இருவரும் ஏறி நிற்போம். அந்த வாரத்துச் சடுகுடு ஆட்டத்தைப் பற்றி நீ வில்லியனூருக்காகப் பேசுவாய், நான் பாகூருக்காகப் பேசுவேன். எவன் கோட்டைத் தொட்டான், எவனுக்கு மூச்சு அறுந்தது என்று நாம் மோதிக்கொள்வதைக் கேட்க, ஏம்பலத்துக்காரர்கள்கூட ஊர் திரும்பாமல் நிற்பார்கள். என் தங்கை பூங்காவனத்தைக் கட்டியவன் நீ என்பது அவர்களுக்கும் தெரியும். பேச்சு முடிந்ததும் உன் வீட்டில் அருகருகே உட்கார்ந்து சாப்பிடுவோம்.

பிறகு சைகோனிலிருந்து திரும்பிய ஒருவர் அந்தக் காப்பிக் கடையைத் திறந்தார். நாற்காலி போட்டு, கிராமபோன் வைத்து, பாட்டுக்கு நடுவே சைகோனில் தான் பார்த்த பந்தாட்டங்களைப் பற்றிப் பேசினார். நம் கூட்டம் பாதியாயிற்று. அங்கே ரேடியோவும் வந்தபோது மீதியும் கரைந்தது.

அப்போதுதான் நீ சொன்னாய்: “சிரிச்சிக்கினே திட்டனா எவன் நிப்பான்? நெசமாவே திட்டுடா.”

திட்டினேன். நீயும் திட்டினாய். கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள். ஆட்டத்தைக் கேட்க அல்ல, சண்டை பார்க்க. நாம் சேர்ந்து சாப்பிடுவதைக் கண்டால் யார் நம்புவார்கள் என்று, என்னை வீட்டுக்கு வர வேண்டாம் என்றாய். தங்கை முகத்தைப் பார்க்காமலே பாகூர் திரும்பினேன். நிறுத்திவிடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், நிறுத்தினால் வில்லியனூரான் தோற்று ஓடினான் என்பார்களே என்றாய். பாகூரில் எனக்கும் அதே பயம்தான்.

ஒருநாள் ஒருவருமே வரவில்லை. நுகத்தடியில் உட்கார்ந்த நீ குரலைத் தாழ்த்தி, “வூட்டுக்கு வரியா? ஒன் தங்கச்சி மீன் கொழம்பு வெச்சிருக்கா” என்றாய். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். அதற்குள் உங்கள் ஊர் ஆட்டக்காரர்கள் இருவர் அந்தப் பக்கம் வந்தார்கள். நீ எழுந்து நின்று என் ஊரையும் குடும்பத்தையும் இழுத்துத் திட்டத் தொடங்கினாய். உன் கண் மட்டும் போய்விடாதே என்றது. நானும் பதிலுக்குத் திட்டிவிட்டுத்தான் போனேன். நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

காய்ச்சலில் நீ போய்விட்ட சேதி கேட்டு ஓடி வந்தபோது, அதே இருவர் வாசலில் மறித்தார்கள். பூங்காவனம் வந்து என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். “அவர்கிட்ட எதுனா பேசுண்ணா” என்றாள். உன் தலைமாட்டில் நின்றேன். வாயைத் திறந்தால் வசவுதான் வரும் போலிருந்தது.

இப்போது தங்கை வீட்டுக்கு நினைத்தபோது போகிறேன். அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று உன் பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்லபடியாகத்தான் தொடங்குகிறேன், மச்சான். கொஞ்ச நேரத்தில் குரல் தானாக உயர்ந்து வசவாகிவிடுகிறது. பூங்காவனம் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்துகிறாள்.