சாப்பாட்டு மேசைத் தூரம்

நவ. 9, ஞாயிறு

சிகந்தராபாத்தில் காலையில் லேசான குளிர். ஆராதனைக்கு ஸ்வெட்டர் போட்டு வந்த ஒரே ஆள் நான்.

மதியம் சம்பந்தி ஆகப்போகிறவர்களின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பஃபே. சாலன் குழம்பு என்று நினைத்துக் கரண்டி நிறைய அள்ளிப் பிரியாணி மேல் ஊற்றினேன். டபுள் கா மீட்டா. பாகில் ஊறின ரொட்டி, மேலே முந்திரி. என் கண்ணாடியில் மேல்பாதி தூரத்துக்கு, கீழ்பாதி படிக்க. ஒரு கை தள்ளி இருக்கிற சட்டிக்கு எந்தப் பாதியும் கிடையாது. சம்பந்தியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் பக்கம் இப்படித்தான் சாப்பிடுவோம் என்று சொல்லி முழுவதும் தின்றேன். அவர்களுக்கும் எங்கள் பாளையங்கோட்டைதான்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பிரிஸ்கா பிடித்துக்கொண்டாள்: "டாடி, என் நிச்சயதார்த்தத்துக்குள்ள ப்ரோக்ரெஸிவ் மாத்துங்க. கோடு போட்ட கண்ணாடி நக்கோ, வேணாம். போட்டோல தாத்தா மாதிரி இருக்கீங்க. நானே வாங்கித் தரேன்."

மனைவி ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து: "கண்ணாடிய மாத்திரலாம். மண்டைய எங்க போயி மாத்த?"

நல்ல வரி. நானும் சிரித்தேன்.

நவ. 11, செவ்வாய்

கடையில் அரை நாள் லீவு. மாரெட்பள்ளி கண்ணாடிக் கடை. அங்கே இருந்த பெண், நான் செவிடு என்கிற மாதிரி சத்தமாக ஹிந்தியில் விளக்கினாள். மேலே தூரம், கீழே படிக்க, நடுவில் கம்ப்யூட்டர், சாப்பாட்டு மேசை, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம். கோடு தெரியாது. பழகும்வரை தலை சுற்றும், படி மிதக்கும். ஒத்துவரவில்லை என்றால் திரும்பக் கொண்டு வரலாமாம்.

மாற்ற: போட்டோ. பஃபே. பிரிஸ்கா.
வேண்டாம்: படி. தலைச்சுற்றல். ஐம்பத்தாறு வயதில் புது வித்தை.

ஆர்டர் கொடுத்தாயிற்று. பிரிஸ்கா மாதாப்பூர் ஆபீஸிலிருந்தே பணம் அனுப்பிவிட்டாள்.

நவ. 17, திங்கள்

புதுக் கண்ணாடி. மாடிப்படியில் புதுப்பெண் மாதிரி ஒவ்வொரு காலாக இறங்கினேன். பக்கத்து வீட்டு நாய் நின்று பார்த்தது.

ராணிகஞ்ச் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பம்பு ஸ்பேர் அட்டைப்பெட்டிகள் எல்லாம் படிக்க முடிந்தது. முதலாளிக்கு மகா சந்தோஷம். இனி நான் எழுந்து நடக்கிற நேரமும் மிச்சம்.

ஷேவிங் செய்யும்போது என் முகத்தைப் பார்த்தேன். ஸ்டெல்லா இத்தனை வருஷம் பொறுமையாகத்தான் இருந்திருக்கிறாள்.

நவ. 19, புதன்

ராத்திரிச் சாப்பாடு. கோழிக் குழம்பு. வேலைக்குச் சேர்ந்த கதையைச் சொன்னேன். தெலுங்கில் வேறு வார்த்தை தெரியாமல், முதலாளி என்ன கேட்டாலும் 'தெலுசு, தெலுசு', தெரியும் தெரியும் என்றே சொல்லி வேலை வாங்கின கதை. எங்கள் வீட்டில் எப்போதும் எடுபடுவது.

எதிரே பிரிஸ்கா. முகம் பளிச்சென்று தெரிகிறது. நான் பேசப் பேச அவள் உதடும் அசைகிறது. சத்தம் இல்லை. என் ஒவ்வொரு வார்த்தையும். என் தலையாட்டல், என் இடது புருவம் ஏறுவது. ஸ்டெல்லா சோற்றைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள். 'தெலுசு' வந்ததும் பிரிஸ்கா போனைப் பார்த்துக்கொண்டே வாயால் மட்டும் சிரித்தாள். "ஹவ், ஆமா டாடி, சூப்பர்."

அந்தச் சிரிப்புச் சத்தம்தான். வருஷக்கணக்காக நான் கேட்டுக்கொண்டிருப்பது.

நடிப்பில் குறை சொல்ல முடியாது. எனக்கு இடது புருவம் ஏறுகிறது என்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

நவ. 21, வெள்ளி

பரீட்சை வைத்தேன். சாப்பாட்டில், கதை சொல்கிற குரலில்: "இன்னிக்கு கடைக்கு ரெண்டு இஞ்ச் வால்வு வந்துச்சு பாரு..." அத்தோடு நிறுத்திவிட்டேன்.

அதற்கும் சிரிப்பு. "சூப்பர் டாடி."

ஸ்டெல்லா மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். ரசம் வேணுமா என்றாள்.

எனக்குப் படிப்பு பிளஸ் டூவோடு சரி. சம்பளம் மகள் சம்பளத்தில் ஒரு ஓரத்துக்குக் காணாது. இந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே உத்தியோகம் சிரிக்கவைக்கிறது. அதிலும் எப்போது ரிட்டயர் ஆக்கினார்கள் தெரியவில்லை. ஆர்டர் கையில் கொடுக்கவில்லை.

நவ. 25, செவ்வாய்

இருமல். நீல சட்டைக்குப் பட்டன்.

நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் அப்பா நாலு வார்த்தை பேச வேண்டும். எழுதி வைத்திருக்கிறேன். பிரிஸ்கா வாங்கிப் பார்த்து, ஜோக் இருக்கிற இடமெல்லாம் நகத்தால் கோடு போட்டாள். "டாடி, ப்ளீஸ். அவங்கல்லாம் டீசன்ட் ஆளுங்க."

சரி என்றேன். அப்போ நாங்கள் யார் என்று கேட்கவில்லை.

இனி ஒரே கேள்வி, எந்தக் கண்ணாடி. புதியது போட்டால் கைக்கெட்டும் தூரத்து முதல் மேசையில் உட்காரப்போகும் பிரிஸ்கா முகம் பேச்சு முடிகிறவரை தெரியும். பழையது போட்டால் பேப்பர் தெரியும், ஹால் கடைசியில் சமையல்காரர் தெரிவார். நடுவில் மூடுபனி.

போட்டோவா, பேச்சா. இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

நவ. 29, சனி

நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஐஸ்கிரீம் தட்டுப்பாடு.

பழைய கண்ணாடிதான் போட்டேன். கோடு போட்ட இடங்களை விட்டுவிட்டுப் பேசினேன். கடைசியில் வாய் நிற்கவில்லை, 'தெலுசு' கதையையும் சொல்லிவிட்டேன். ஹால் சிரித்தது. சம்பந்தி கை தட்டினார் என்று ஸ்டெல்லா சொன்னாள். முதல் மேசையில் ரோஸ் நிறத்தில் ஒரு பட்டுப்புடவை, அதற்கு மேலே வெள்ளையாக ஒரு வட்டம். எப்படி இருந்ததோ. நன்றாகத்தான் இருந்தது.

திரும்பும்போது காரில் பிரிஸ்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் டாடி புதுசு போடல? எல்லா போட்டோலயும் அந்தக் கோடு. அவ்ளோ ஆசையா வாங்கித் தந்தேன்."

"படில கால் இடறுதும்மா. தலை சுத்துது."

"அப்ப ரிட்டர்ன் பண்ணிடலாம்" என்றாள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

தலையெல்லாம் சுத்தலம்மா, அதுல உன் முகம் நல்லாத் தெரியுது என்று சொல்லவில்லை.