வாட்ச்மேன் கழுவிய டிபன் பாக்ஸ்

காலேஜ் மகாராணிக்கு,

எழுந்ததும் இதைப் படி. உன்னை எழுப்பித் திட்ட ஆரம்பிச்சா ஆஸ்பத்திரி டியூட்டிக்கு லேட்டாயிடும். அதான் எழுதித் திட்டுறேன்.

காலேஜ் சேர்ந்ததிலிருந்து டிபன் பாக்ஸ் பளபளன்னு கழுவி வருது. தின்ன தட்டைக்கூட நகர்த்தாதவ டப்பா கழுவுறாளேன்னு எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சுன்னு உங்கப்பாகிட்ட பெருமை வேற பீத்திக்கிட்டேன். நேத்து நம்ம அபார்ட்மெண்ட் கேட் வாட்ச்மேன் என்னை நிறுத்தி, "அக்கா, குழம்புல காரத்தைக் கொஞ்சம் குறைங்க, நெஞ்சு எரியுது"ங்கறார்! தினமும் தின்னது அவராம். கழுவி உன்கிட்ட திருப்பிக் கொடுத்ததும் அவராம்!

நான் விடியறதுக்கு முன்னாடி எழுந்து அடுப்புல வேகறது யாருக்குடி? உன் பையில சிப்ஸ் கவரும் கப் நூடுல்ஸும்தான் கிடக்கு. பத்து நாளா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தியே, பரீட்சை பயம்னு நினைச்சேன். நான் ஒரு நர்ஸ்!

எல்லாரும் பர்கர் வாங்கித் திங்கும்போது டப்பா திறக்க வெட்கமா இருந்தா, வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

அவிச்ச முட்டை மூடி வெச்சிருக்கேன், தின்னுட்டுக் கிளம்பு. கேஸ் சிலிண்டர் வரும், சாவியை வாட்ச்மேன்கிட்ட கொடு.

அம்மா

மறந்துட்டேன்: சமையல் மேடையில ரெண்டு டப்பா இருக்கு. நீலம் அவருக்கு, காரம் குறைச்சிருக்கேன். சிவப்பு உனக்கு. மாத்திக் கொடுத்துடாதே.

இன்னொண்ணு: சாயங்காலம் டப்பாவைக் கழுவாம கொண்டு வா. நீ தின்ன கறையை நான் பார்க்கணும்.