வண்டி நலமாக இருக்கிறது

மைசூரு,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய என் கணவர் மனோஜ்குமார் அவர்களுக்கு,

தீபா வணக்கத்துடன் எழுதுவது. வண்டி நலமாக இருக்கிறது. நீங்கள் முதலில் கேட்பது எப்போதும் அதைத்தான் என்பதால் அதையே முதலில் எழுதிவிட்டேன். நானும் நலம். புனேயில் மழை எப்படி, கம்பெனி கேன்டீன் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்றெல்லாம் ஒரு மனைவி கேட்க வேண்டியதை நானும் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் போனை எடுக்கவில்லை, ஏன் வண்டியின் வீடியோ அனுப்பவில்லை என்று வரிசையாக மெசேஜ் போட்டிருக்கிறீர்கள். போனில் பேசினால் பாதியிலேயே குறுக்கே விழுவீர்கள். கடிதத்தில் அது நடக்காது. தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்கள் ஆபீசில் யாரும் எட்டிப் பார்த்துப் படித்துவிட முடியாது. அது நான் உங்களுக்குச் செய்யும் தயவு. உங்களுக்குக் கன்னடம் போலத் தமிழ் சரளமாக ஓடாது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். பரவாயில்லை, மெதுவாகவே உள்ளே இறங்கட்டும்.

அந்தக் காலை உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. கரும்புக்குச் சோகை உரிக்கும்போது இலை பட்டு அப்பாவின் வலது கண்ணில் கீறிவிட்டது. கருவிழியில் புண், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது, மைசூருக்குப் போய்விடுங்கள் என்று கொள்ளேகாலத்து டாக்டர் விரட்டித்தான் அவர் நம் வீட்டுக்கு வந்தார். காலையில் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று நீங்களும் சொன்னீர்கள். மாப்பிள்ளை தன்னைப் புதுக் காரில் உட்கார வைத்துக் கூட்டிப்போகப் போகிறார் என்று அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லி, அப்பா அன்று கண் வலியையே மறந்திருந்தார்.

எங்கள் கௌதள்ளியில் ஒரு காரியமாகக் கிளம்பும்போது வண்டியைக் கழுவாமல் எடுக்க மாட்டார்கள். மாட்டு வண்டியானாலும் டிராக்டரானாலும் அதுதான் வழக்கம். அப்பா விடியும்முன் எழுந்தார். பின்கட்டில் இருந்த தேங்காய் நாரையும் பாத்திரம் தேய்க்கும் பொடியையும் எடுத்துக்கொண்டு போய், புண்பட்ட கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, உங்கள் கறுப்பு வண்டியை முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்துவிட்டார். அவருக்குத் தெரிந்த மரியாதை அது. வெயில் வந்ததும் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல் தெரிந்தது. தவறுதான், இல்லை என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை.

ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள்? தெருவில் நின்று கத்தினீர்கள். அக்கம் பக்கத்தாருக்கும் புரியட்டும் என்று கன்னடத்தில் கத்தினீர்கள். முட்டபேட, தூர நில்லு என்றீர்கள். தொடாதே, தள்ளி நில் என்று, நாயை அதட்டுவது போல ஒருமையில், பெண் கொடுத்தவரிடம். எதிர்வீட்டு மஞ்சுநாத் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டைத் திறக்காமல் நின்று பார்த்தார். அப்பா ஈர நாரைக் கீழே போடவும் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு பாலிஷ் போடும் கடைக்குப் போய்விட்டீர்கள். கண்ணில் கீறல் பட்டவர் தெருவில் நின்றார், கீறல் பட்ட வண்டி வைத்தியத்துக்குப் போயிற்று.

நான் முனைக்கு ஓடி ஆட்டோ பிடித்து வருவதற்குள் அப்பா பையை எடுத்துக்கொண்டு ஊர் பஸ் ஏறிவிட்டார். போனில் பிடித்தபோது, உடு சாமி, புது வண்டியல்லொ, அவருக்கு மனசு பொறுக்குமா, நா அடுத்த வாரம் வாறேன் என்றார். ஊரில் நந்தியாவட்டைச் சாறு பிழிந்து விட்டுக்கொண்டிருந்தவரை, லீவு போட்டுப் போய் நான் இழுத்து வருவதற்குள் கண் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அன்றைக்கே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பார்வை உங்களுக்கு வர வேண்டியது.

அதற்குள் நீங்கள் கம்பெனி வேலையாகப் புனேக்குப் போய்விட்டீர்கள். கண் போய்விட்டது என்று போனில் சொன்னேன். அடடா, வயசாச்சு இல்லையா என்றீர்கள். அடுத்த மூச்சில், மழை வருகிறதாமே, வண்டிக்குக் கவரைச் சரியாகக் கட்டினாயா என்று கேட்டீர்கள். சாதம் குழைந்துவிட்டது என்று சொல்லியிருந்தால்கூட இதைவிடக் கொஞ்சம் அதிகம் வருத்தப்பட்டிருப்பீர்கள். கட்டினேன் என்று மட்டும் சொன்னேன்.

பிறகு போனில் உங்கள் பாடம் ஆரம்பித்தது. வண்டியைக் கழுவ ஒரு வாளி போதாது, இரண்டு வேண்டும், மண் கலந்த தண்ணீரில் துணியை மறுபடி முக்கக் கூடாது. வெயிலில் கழுவக் கூடாது. வட்டமாகத் தேய்க்கக் கூடாது. போர் தண்ணீரைத் தானாகக் காய விட்டால் உப்புக் கறை பிடிக்கும். காய்ந்த தூசியைத் துடைத்தால் கீறல் விழும். பறவை எச்சம் ஒரு பகல் இருந்தாலும் பெயிண்டைத் தின்றுவிடும். மரத்தடியில் நிறுத்தினால் பிசின் ஒட்டும். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் நான் மனப்பாடம் செய்தேன். நீங்கள் அனுப்பிய மெத்தென்ற துணியால் ஒற்றி எடுத்தேன், மெழுகு பூசினேன், வீடியோ அனுப்பினேன். நல்ல பெண்டாட்டி என்று உங்கள் அம்மாவிடம் சொன்னீர்களாம். அத்தை சொல்லிச் சந்தோஷப்பட்டார். வண்டிக்கு எது ஆகும் என்று நீங்கள் நினைத்துச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். வண்டிக்கு எது ஆகாது என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். லைசென்ஸ் வந்துவிட்டது. வந்த கையோடு உங்கள் வண்டியை நானே எடுத்துக்கொண்டு நரசீபுரம், கொள்ளேகால், ஹனூர் வழியாகக் கௌதள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஹனூர் தாண்டி ரோடு வேலை நடக்கிறது, ஜல்லி தெறித்தது. தெறித்த ஒவ்வொரு சத்தத்துக்கும் உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டேன். மெதுவாகப் போயிருக்கலாம், போகவில்லை. வண்டி இப்போது அப்பா வீட்டு முன்னால் அத்தி மரத்தடியில் நிற்கிறது. பழக்காலம். காக்கையும் மைனாவும் பகலெல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன.

கோபப்பட்டு உடனே போனை எடுக்காதீர்கள், முக்கியமானது இனிமேல்தான் வருகிறது. ஊரில் நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாப்பிள்ளைக்கு மாமனார் கண் போன வருத்தம் தாங்கவில்லை, மாசாமாசம் மைசூருக்குப் போய்வர இந்த வண்டி உங்களுக்கே என்று கொடுத்தனுப்பிவிட்டார் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா நம்பிவிட்டார். என் அம்மா மல்லம்மா, மாதேஸ்வரன் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தார். பழனிமுத்துப் பெரியப்பா தன் மருமகனைக் கூப்பிட்டு, நீயும் இருக்கிறாயே, அந்த மனோஜைப் பாரு என்று திட்டினாராம். எங்கள் ஊரில் உங்கள் பெயர் இவ்வளவு உயரத்துக்கு ஏறியதே இல்லை. இறங்க வேண்டுமானால் நீங்களே வந்து, எல்லோர் முன்பும், கொடுக்கவில்லை என்று சொல்லிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். போலீசுக்கும் போகலாம், வண்டி உங்கள் பெயரில்தான் இருக்கிறது. மனைவி தன் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், நடவடிக்கை எடுங்கள் என்று எழுதிக் கொடுங்கள்.

போன வாரம் ஹனூரிலிருந்து கரியப்பனை வரவழைத்தேன். டிராக்டர்களுக்குப் பெயர் எழுதுகிறவர். பானெட்டில் என் அப்பா பெயரை எழுதச் சொன்னேன். மெழுகு மேல் பெயிண்ட் நிற்காதம்மா, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நன்றாகத் தேய்யுங்கள் என்றேன். உப்புத்தாள் உங்கள் கறுப்புப் பெயிண்டில் ஓடிய சத்தத்தைப் பக்கத்திலேயே நின்று கேட்டேன். இத்தனை மாதத்தில் எனக்கு வயிறு குளிர்ந்தது அன்றுதான். இப்போது மஞ்சள் எழுத்தில், கையகலத்தில், சித்தையன், கௌதள்ளி என்று இருக்கிறது. அப்பாதான் வெட்கப்பட்டுப் போனார். எதுக்கு சாமி எம் பேரு, மாப்பிள்ள பேர எழுதியிருக்கலாமல்லொ என்றார். விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்தார். ஆனாலும் தெருவில் யார் போனாலும் அந்தப் பக்கமாகவே வந்து நிற்கிறார். தினமும் எச்சத்தைக் கழுவ வாளியோடு வருகிறார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் வாளியை வாங்கி வைத்துவிடுகிறேன். நான் இல்லாத நாளில் கழுவிவிடுகிறார் போலிருக்கிறது, தேங்காய் நாரால்தான்.

என் தம்பி தருண்குமார்தான் வண்டியை ஓட்டி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறான். முதல் தடவை அப்பா செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காலைத் தூக்கியபடியே மைசூர் வரை வந்தாராம். இன்னொரு கண்ணிலும் அழுத்தம் இருக்கிறதாம். மாதம் தவறாமல் காட்டினால்தான் அது நிற்கும் என்கிறார்கள். அந்த ஒரு கண்ணையாவது அவருக்கு மிச்சம் வைக்க வேண்டும். என் கவலை அவ்வளவுதான். மற்றதெல்லாம் கோபம். அது எனக்குக் கவலை இல்லை, பலம்.

அடுத்த மாதம் நீங்கள் வருகிறீர்கள். நேராக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறிக் கௌதள்ளியில் இறங்குங்கள். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே அவர் மன்னித்துவிடுவார், உங்களுக்கு அது ரொம்பச் சுலபமாகப் போய்விடும். அதற்குப் பதிலாக, அந்த வண்டியில் அவரை உட்கார வைத்து நீங்கள் ஓட்டி வர வேண்டும். மாதாமாதம், நீங்களே. நம் தெருவுக்குள் நுழைந்து, நம் வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கி வந்து அவருக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். அவர் உங்களுக்கு இடது பக்கம் உட்காருவார். வழியெல்லாம் உங்கள் பக்கம் இருக்கப்போவது அந்த வலது கண்தான். இதற்குச் சம்மதம் என்றால் வாருங்கள், இலை போட்டு வைக்கிறேன். இல்லையென்றால் புனேயிலேயே இருந்துகொள்ளுங்கள், எனக்கு ஓட்டத் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு கண்களும் நெடுங்காலம் நன்றாகத் தெரியட்டும் என்று மாதேஸ்வரனை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சித்தையன் மகள்
தீபா