பேஸ்மென்றில் அணைந்த சுடர்

ரொறன்ரோ, 1976

இஞ்சாருங்கோ,

எத்தனை பேர் நடுவில் நின்றாலும் இந்த ஒரு சொல்லுக்குத் திரும்பிப் பார்ப்பீர்களே, அதனால் இப்படியே தொடங்குகிறேன்.

நீங்கள் போன பிறகு வந்த முதல் பனிக்காலம் இது. வீட்டுக்குக் கீழே, பேஸ்மென்றில், சுடுதண்ணீர் ஹீற்றரின் அடியில் எப்போதும் எரியும் சின்னச் சுடர் அணையத் தொடங்கியது. இறங்கிப் போய்ப் பற்றவைப்பேன். படியேறி முடிப்பதற்குள், யாரோ உதடு குவித்து ஊதியதுபோல் அணைந்துவிடும். கூடவே ஒரு பெருமூச்சு. அந்த அறையில், உங்கள் வேலைமேசையில் சாய்ந்தபடிதானே உங்கள் மூச்சு நின்றது?

எனக்குப் பயமே வரவில்லை. பிறகு பற்றவைப்பதையும் விட்டுவிட்டேன். கதிரையைப் போட்டு இருந்து உங்களோடு கதைத்தேன். ஆளைக் கூப்பிட்டுத் திருத்தினால் நீங்கள் வராமல் விட்டால்?

ஒருநாள் நம் வதனி தலை நனைந்து, உதடு நீலம் பாரித்து, படியில் வந்து நின்றாள்.

“அம்மா, உது அப்பா இல்லை.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“அப்பா என்னைப் பச்சைத்தண்ணியிலை குளிக்க விடமாட்டார்.”

அன்றே காஸ் வேலை செய்பவரை அழைத்தேன். பழைய குழாயிலிருந்து துருத்தூள் உதிர்ந்து ஹீற்றரின் வால்வை அடைத்திருக்கிறதாம். ஹீற்றருக்குள் காஸ் திரும்பும் இடத்தில், கீழ்நோக்கி ஒரு குழாய்த்துண்டு பொருத்தி அதன் அடியை மூடினார். தூள் நேரே அதற்குள் விழுந்து தங்கிவிடும், காஸ் மட்டும் பக்கமாகத் திரும்பிப் போகும் என்றார். வால்விலிருந்து எடுத்த தூளை உள்ளங்கையில் காட்டினார். அஸ்தியைப் பார்ப்பதுபோல் இருந்தது. வதனி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அப்போதுதான் அந்தப் பெருமூச்சு கேட்டது. காஸை முற்றாக நிறுத்தியிருந்தார். சுடரும் இல்லை. அவர் நிமிர்ந்து உங்கள் மேசைப் பக்கம் பார்த்தார்.

“இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“என் கணவர்” என்றேன்.

அவர் மேசையிலிருந்து பார்வையை எடுத்துக் குனிந்தார். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தார், சுடரைப் பற்றவைத்தார், போய்விட்டார்.

சுடர் இப்போது அணைவதில்லை, நீலமாக நேரே நிற்கிறது. வதனி ஆவி பறக்கக் குளிக்கிறாள். பெருமூச்சு மட்டும் ஓயவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும்? சொல்லாமல் விட்டது ஏதும் இருக்கிறதா?

அந்தப் பெருமூச்சுக் கேட்கும்போதெல்லாம் இறங்கி வருவேன், கொஞ்சநேரம் இருப்பேன். ஆனால் பிள்ளை கூப்பிட்டால் பாதிக் கதையிலும் எழுந்து மேலே போய்விடுவேன். இது சத்தியம். கோபிக்காதேங்கோ.

இப்படிக்கு,
வதனியின் அம்மா