வே.மா., மா.வே.

நாள் 61 | 09:00
நிலவின் மறுபக்கம், தசை ஆய்வு நிலையம். எழுதுபவர் டாக்டர் வே. மாறன். இங்கே இருப்பது இரண்டே பேர். எனக்கு வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி, தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி. பொறியாளர் மா. வேலவனுக்கு ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் எண்ணெய் ஊசி, மயக்க மருந்து, படுக்கை. நாற்பது நாளுக்கு முன் அவர் வெளிக் கதவைத் திறக்கப் போனார். "தம்பி வெளிய நிக்கிறான் சார், பாவம்" என்றார். தம்பி இறந்து மூன்று வருடம் ஆகிறது. அந்தக் கதவு திறந்தால் உள்ளே இருக்கிற காற்று அத்தனையும் போய்விடும். உதவிக் கப்பல் நாள் 90-இல் வரும். அதுவரை அவர் எழக்கூடாது.

நாள் 68 | 09:10
என் தொடை 51 செ.மீ. ஒன்று குறைந்திருக்கிறது. அவர் தொடை 57. மூன்று கூடியிருக்கிறது. அளவு நாடாவைத் திட்டிவிட்டு மறுபடி அளந்தேன். நாடா யோக்கியமானதுதான்.

நாள் 75 | 09:05
அவருக்கு 60. மாடாய் உழைக்கிற நான் வற்றுகிறேன், படுத்தே கிடக்கிற மனிதருக்குச் சதை போடுகிறது. பொறாமையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. யாரோ பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கிற முகம் அவருக்கு. பூமிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

நாள் 76 | 14:30
மருந்துப் பெட்டிகளை அனுப்பிய பூமிக் கிடங்கிலிருந்து செய்தி: "மாறன் சார், எங்க லேபிள்ல பேருதான் முன்னாடி வரும், இனிஷியல் பின்னாடி. வே.மா.ன்னா வேலவன்."
அப்பா பெயரை முன்னால் போட்டே பழகியவன் நான். 'வே.மா.' பெட்டியை என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன். அதில் இருந்தது எண்ணெய். ஹார்மோனை எல்லாம் என் கையாலேயே அவருக்கு ஏற்றியிருக்கிறேன். வெட்கத்தை விட நிம்மதிதான் அதிகம். உடற்பயிற்சியே இல்லாவிட்டாலும் இந்த மருந்து தசையை வளர்க்கும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

நாள் 77 | 10:40
இன்னொன்று இப்போதுதான் உறைத்தது. மயக்க மருந்து அவருடைய பழைய எடைக்குப் போட்ட அளவு. இப்போது ஒன்பது கிலோ கூடிவிட்டார். கூடுதல் மருந்தோடு போனேன். நரம்பு தேட அவர் கையை விரித்தேன். உள்ளங்கையில், விரல்களின் அடியில், நான்கு காய்ப்புகள். தினமும் பயிற்சிக் கம்பியைப் பிடிக்கிற என் கையிலும் அதே இடத்தில் இருக்கின்றன.
ஹார்மோன் சதை தரும். காய்ப்பைத் தராது.

10:52
இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு அவர் பிடியில் இருக்கிறது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கோபமே இல்லை அவரிடம். மரியாதையாகத்தான் கேட்கிறார்:
"கதவுக்கு இந்தப் பலம் போதுமா சார்?"