கோட்டுப் பையில் மிஞ்சியது

17 தை 1987, சனி

இன்று கராஜில், பனியில் ஓடும் ஒரு ஸ்னோமொபைலின் எட்டுச் சக்கரங்களுக்கும் பேரிங் மாற்றினேன். கிரீஸ் குளிரில் இறுகாதிருக்கப் புதிய எட்டையும் கோட்டுப் பையில் வைத்திருந்தேன். வீட்டில் கோட்டைக் கழற்றும்போது ஒன்று கீழே விழுந்தது. அப்படியென்றால் ஒரு சக்கரத்தில் இன்னும் பழையதுதான். மெஷினின் சொந்தக்காரர் விடிய மகளோடு அதில் உறைந்த ஏரியைக் கடக்கப்போகிறார். நடுவில் அது இறுகிவிட்டால்?

அறையில் கூட இருக்கும் செல்வம் அண்ணை, "வாயைத் திறக்காதை. சொன்னா வேலை போயிடும். அகதி விசாரணைக்கு கராஜ் முதலாளியின்ர கடிதம் வேணுமெல்லோ" என்றார்.

அவர் சொல்லைக் கேட்காமல் மெஷின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன் எடுத்தேன். மனைவி பேசினார். பின்னால் மகளின் சிரிப்புக் கேட்டது. மெஷினில் ஏதும் பிழையா என்று கேட்டார்.

சொல்லத்தான் எடுத்தேன். இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

புதுப் பேரிங்கை விரலில் போட்டுச் சுழற்றிக்கொண்டிருக்கிறேன். சத்தமே இல்லாமல் ஓடுகிறது.